பழைய புரோட்டோன் வீரா திணறினால்: முதலில் சோதனை, பிறகுதான் சாமான்

பழைய கார் வாங்கிய புதிதில் எஞ்சின் தடுமாறினால் பலரும் போகிற வழி ஒன்றுதான். முதலில் பிளக் மாற்றுவார்கள். சரியாகவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், அதற்கும் மசியவில்லை என்றால், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர். கடைசியில், வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய்தான் காரணம் என்று தெரியவரும்போது நூற்றுக்கணக்கில் வெள்ளி கரைந்திருக்கும். சாமான் வாங்குவதற்கு முன்னால் சோதிக்கப் பழகினால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். சோதிப்பதற்குப் பெரிய படிப்போ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டங்களில் பல வீடுகளுக்கு ஒரே கார்தான். வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அதுதான் ஓட வேண்டும். செம்பனைக் காட்டுக்கு நடுவே இருட்டிய பிறகு கார் நின்றுவிட்டால் இழுவை லாரி வந்து சேர நேரமாகும். கோளாறு முற்றுவதற்கு முன்பே அதை அடையாளம் காண்பது பாதுகாப்பும்கூட.

இந்தக் கட்டுரை 1993-இல் வெளிவந்து 2009 வரை தயாரான வீராவின் 1.5 லிட்டர் இன்ஜெக்‌ஷன் மாடலை மையமாக வைத்து எழுதப்பட்டது. அதில் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி15 எஞ்சின். புரோட்டோனின் மற்ற கார்களான வாஜாவின் 4ஜி18, பெர்சோனாவிலும் 2008-க்குப் பிந்திய சாகாவிலும் உள்ள கேம்ப்ரோ ஆகிய எஞ்சின்களுக்கும் அடிப்படைச் சோதனைகள் இவைதான். மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள்

வொர்க்‌ஷாப்பில் போய் “கார் சரியில்லை” என்று சொன்னால் மெக்கானிக் ஊகிக்கத்தான் முடியும். ஒரு வாரம் சின்ன நோட்டு ஒன்றைக் காரில் வைத்து எழுதுங்கள். கோளாறு குளிர்ந்த எஞ்சினிலா, சூடான எஞ்சினிலா? மழை நாளில் மட்டுமா? ஏர்கோன் போட்டால் கூடுகிறதா? மேட்டில் ஏறும்போதா, சிக்னலில் நிற்கும்போதா? டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போதா? செக் எஞ்சின் விளக்கு எரிந்ததா?

இந்தக் கேள்விகளே பாதி வேலையை முடித்துவிடும். மழையில் மட்டும் வந்தால் பிளக் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அரை மணி ஓடி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் சூட்டில் செயலிழக்கும் மின் உறுப்பு. மேட்டில் மட்டும் திணறினால் பெட்ரோல் அழுத்தம் அல்லது அடைத்த எக்ஸாஸ்ட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா ஏற்றம் இந்தக் கடைசி வகையை ஒளிவு மறைவில்லாமல் காட்டிவிடும். ஊருக்குள் 60-இல் ஓடும்போது தெரியாத பலவீனம் அங்கே 90-இல் நாலாவது கியரில் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பிளக் சாக்கெட், பிளக்கின் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், டார்ச் விளக்கு, பிளக்கின் ஸ்பார்க்கைப் பார்க்கும் டெஸ்டர். இவை போதும். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஓபிடி ரீடர் வாங்குவதற்கு முன் யோசியுங்கள். கைத்தொலைபேசியோடு இணையும் மலிவான ரீடர்கள் பழைய வீராவின் கம்ப்யூட்டரோடு பேசாது. புரோட்டோனின் பழைய முறை தெரிந்த ஸ்கேனர் வேண்டும். அது இல்லாத மெக்கானிக்கும் சோதனைக் கனெக்டரை எர்த் செய்து செக் எஞ்சின் விளக்கின் மினுக்கலை எண்ணிச் சொல்லிவிடுவார். நீண்ட மினுக்கல் பத்துகள், குட்டை மினுக்கல் ஒன்றுகள். 21 என்றால் கூலன்ட் வெப்ப சென்சார், 22 என்றால் கிராங்க் ஆங்கிள் சென்சார், 41 என்றால் இன்ஜெக்டர். பேட்டரியைக் கழற்றினால் இந்த எண்கள் அழிந்துவிடும். ஆகவே எண்ணைப் படித்து எழுதிக்கொள்வதற்கு முன் பேட்டரியில் கை வைக்காதீர்கள். எண் ஒரு சாமானின் பெயரைச் சொன்னாலும் அந்தச் சாமானே கெட்டது என்று பொருளில்லை. அதற்குப் போகும் வயரோ கனெக்டரோ கெட்டிருக்கலாம்.

ஸ்டார்ட் ஆகவில்லை

முதல் கேள்வி: ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறதா?

சுற்றவே இல்லை, அல்லது டக் டக் என்ற சத்தம் மட்டும் வருகிறது என்றால் பேட்டரியில் தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஓடும் எஞ்சினில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-க்கும் கீழே என்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். பேட்டரி நல்லது, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் எர்த் வயரைச் சந்தேகியுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினாலே பல நேரம் போதும். ஈரமும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். பேட்டரியை மாற்றிவிட்டு ஏமாறுபவர்கள் நிறைய.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க், பெட்ரோல், கம்ப்ரஷன் இந்த மூன்றில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். கீழ்க்கண்ட வரிசையில் போங்கள்.

1. சத்தத்தைக் கேளுங்கள். வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல், தடையின்றி வேகமாக எஞ்சின் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். வீராவில் டிஸ்ட்ரிபியூட்டரை, அந்த பெல்ட்டால் ஓடி வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்தான் சுற்றுகிறது. மூடியைக் கழற்றி ஒருவரை ஸ்டார்ட்டரைச் சற்றே சுற்றச் சொல்லுங்கள். உள்ளே ரோட்டர் அசையவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது. அதற்கு மேல் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. கேம்ப்ரோவில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும்.

2. ஸ்பார்க். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஒரு பிளக் கேபிளின் முனையில் டெஸ்டரையோ பழைய பிளக்கையோ மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினோடு ஒரு வயரால் நன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். சுற்றும்போது நீல நிறத்தில், படபடவென்று கேட்கும் ஸ்பார்க் வர வேண்டும். கேபிளைக் கையில் பிடிக்காதீர்கள். எதிலும் படாமல் கேபிளைத் தொங்கவிட்டுச் சுற்றவும் கூடாது. போக இடமில்லாத மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டரை (ஸ்பார்க்கை இயக்கும் மின்னணு சுவிட்சை) சுட்டுவிடும்.

3. பெட்ரோல். ஃபியூஸைத் திரும்ப மாட்டி, பெட்ரோல் ஊற்றும் வாயைத் திறந்து காது வையுங்கள். ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது டேங்குக்குள் மெல்லிய ஹூம் என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் உடனே பம்ப் வாங்க ஓடாதீர்கள். ஃபியூஸ், பிறகு பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் கன்ட்ரோல் ரிலே, பிறகு பம்பின் கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். இந்த வயதுக் கார்களில் ரிலேயின் உள் சால்டர் விரிசல் விடுவது சகஜம். ரிலேயை விரலால் தட்டும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டால் அதுதான் குற்றவாளி.

4. சத்தம் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அழுத்தத்தைக் கேஜ் போட்டு அளக்க வேண்டும். இந்த எஞ்சினில் ஐடிலில் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் நிலையில்), பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாய் மாட்டியிருக்கும்போது சுமார் 265 கிலோபாஸ்கல், குழாயைக் கழற்றினால் 330-ஐ ஒட்டி உயர வேண்டும். உயரவில்லையென்றால் ஃபில்டர் அடைத்திருக்கலாம் அல்லது பம்ப் தளர்ந்திருக்கலாம். ரெகுலேட்டரிலிருந்து கழற்றிய வேக்குவம் குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் உள் சவ்வு கிழிந்துவிட்டது.

ஃபில்டர் மாற்றும் வேலை எளிது என்று அவசரப்படாதீர்கள். குழாயில் அழுத்தம் நிற்கிறது. பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சினை ஓடவிட்டு அது தானாக அணைந்த பிறகு, பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினில் மட்டும் நட்டைத் தளர்த்துங்கள். பக்கத்தில் சிகரெட், சாம்பிராணி, அடுப்பு எதுவும் கூடாது. லயத்து வீட்டு வாசலில் வேலை செய்யும்போது இதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய செப்பு வாஷர்களைத் திரும்பப் போடாதீர்கள், கசியும்.

சூடானதும் நின்றுபோகிறது, ஆறினால் ஓடுகிறது

பழைய வீராவைப் பற்றி அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். காலையில் ஒரு குறையும் இல்லை. பட்டணத்துக்கு வந்து, காரை வெயிலில் நிறுத்தி, சந்தையில் சாமான் வாங்கித் திரும்பினால் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

எஞ்சினை நிறுத்தியவுடன் தண்ணீர் ஓட்டமும் காற்றாடியும் நின்றுவிடுகின்றன. பானெட்டுக்குள் வெப்பம் அடுத்த பத்து இருபது நிமிடம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்த வெப்பத்தில் விரிந்து தொடர்பு அறுகிற உறுப்பைத்தான் தேட வேண்டும். முதல் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டரும் சென்சாரும். அடுத்தது கன்ட்ரோல் ரிலே. மூன்றாவது பெட்ரோல் பம்ப்.

நின்றுபோன அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் சோதனை செய்வதுதான் சரியான வழி. ஆறிய பிறகு செய்தால் எல்லாம் நல்லதாகவே காட்டும். அதனால் டெஸ்டரைக் காரிலேயே வைத்திருங்கள். ஸ்பார்க் இருக்கிறது, பம்ப் சத்தம் இல்லை என்றால் தேடல் ரிலே பக்கம். பம்ப் சத்தம் இருக்கிறது, ஸ்பார்க் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். சாலையோரத்தில் இதைச் செய்ய முடியாதவர்கள் வீட்டில் காலையில் செய்யலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரால் ரிலேயை மட்டும் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள், பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும். எதைச் சூடாக்கும்போது எஞ்சின் அணைகிறதோ அதுதான் கோளாறு.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றும்போது உள்ளே எஞ்சின் ஆயில் ஈரம் இருந்தால் அதன் உள் சீல் தேய்ந்துவிட்டது. ஆயில் படிந்த சென்சார் நீண்ட நாள் தாங்காது. மூடியின் உள்பக்கம் தலைமுடி போன்ற கருங்கோடு தெரிந்தால் அதுவழியே மின்சாரம் கசிகிறது; மூடியையும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். வெட்டிய பழைய கார்களின் சாமான் விற்கும் ஹாஃப்-கட் கடையில் முழு டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குவதாக இருந்தால் கனெக்டரின் பின் எண்ணிக்கையையும் உடலில் அச்சிட்ட எண்ணையும் பழையதோடு ஒப்பிடுங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே மாறுபடும். மாற்றிய பிறகு டைமிங் லைட் வைத்து இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வாஜாவிலும் கேம்ப்ரோவிலும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. அங்கே கிராங்க் சென்சாரும், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலும்தான் சூட்டில் விழும். பிளக் இறங்கும் குழிகளுக்குள் ஆயில் நிற்கிறதா என்றும் பாருங்கள். வால்வு மூடியின் சீல் கசிந்து ஆயில் அங்கே தேங்கினால் காயிலின் ரப்பர் ஊறி, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும்.

ஐடிலில் ஆட்டம்

நின்ற நிலையில் 4ஜி15 நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்றில் அமைதியாக ஓட வேண்டும். 500-க்கும் 1,500-க்கும் இடையே ஏறி இறங்கினாலும், 1,800-லேயே நின்றுகொண்டாலும், ஏர்கோன் போட்டதும் அணைந்துபோனாலும் முதலில் கணக்கில் வராத காற்று எங்கிருந்து நுழைகிறது என்று தேடுங்கள்.

இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பிரியும் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டர் குழாய், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சவிடும் பிசிவி வால்வின் குழாய், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் மெல்லிய குழாய், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் போகும் பெரிய காற்றுக் குழாயின் அடிமடிப்பு. இருபது வருட வெப்பத்தில் ரப்பர் கல்லாகி, அடிப்பக்கத்தில் வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் உறிஞ்சும் சத்தம் மாறும். சிலர் கார்பரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். அந்தப் பழக்கம் வேண்டாம். பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கிலுகிலுவென்று ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் மாற்றிவிடுங்கள், மலிவான சாமான்.

காற்றுக் கசிவு இல்லையென்றால் த்ராட்டில் பாடியைத் திறந்து பாருங்கள். தகட்டின் ஓரத்தில் தார் போல் கறுப்புப் படிந்திருக்கும். துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். நேராகப் பீய்ச்சினால் அடியில் இருக்கும் ஐடில் மோட்டாருக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும்.

அந்த ஐடில் மோட்டாரை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிட்சுபிஷியின் இந்த ஸ்டெப்பர் மோட்டாரில் ஆறு பின்கள். நடுப்பின்னிலிருந்து அதன் இரு பக்கத்துப் பின்களுக்கும், ஒவ்வொரு வரிசையிலும், 28 முதல் 33 ஓம் வரை இருக்க வேண்டும். ஒன்று 5 ஓம் காட்டினால் உள்ளே காயில் ஒட்டிப்போயிருக்கிறது. அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் கம்ப்யூட்டரின் உள் சிப்பும் எரியும். பிறகு புதிய மோட்டார் போட்டாலும் ஐடில் சரிவராது, மோட்டார் போலி என்று கடைக்காரரோடு சண்டை வரும். கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கும் நிலை வந்தால் அதைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய மீன் வாடையும், சிறிய உருளை கெப்பாசிட்டர்களின் அடியில் பிசுபிசுப்பும் இருந்தால் அவை கசிந்துவிட்டன. பலகையை அரிப்பதற்கு முன்பே எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சில வெள்ளி கெப்பாசிட்டரோடு வேலை முடியும். தாமதித்தால் பலகையே போகும்.

ஐடில் ஸ்க்ரூவைத் திருகிச் சுற்றைக் கூட்டும் குறுக்குவழியை யார் செய்ய வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோளாறு மறையுமே தவிர போகாது. அடுத்து வரும் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போலாகும்.

சுற்று சரியாக இருந்தும் கார் முழுக்க அதிர்கிறதா? ஆட்டோ கியரில் ‘என்’ நிலையில் அமைதி, ‘டி’ நிலையில் அதிர்வு என்றால் எஞ்சின் மவுன்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். குழி நிறைந்த லாரிச் சாலையில் தினமும் ஓடும் கார்களுக்கு இது சீக்கிரமே வரும். ஒரு மவுன்டிங் கிழிந்தால் மற்றவை மேல் பாரம் ஏறும். மாற்றும்போது எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இழுவை இல்லை, மிதித்தால் வெட்டுகிறது

எரிதல் விட்டுவிட்டு நடந்தால் கார் சுருக் சுருக்கென்று வெட்டும். பெட்ரோல் போதாவிட்டால் மெல்ல மெல்லச் சோர்ந்து போகும். இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகுங்கள்.

வெட்டுகிறது என்றால் பிளக்கும் கேபிளும். கேபிளைக் கழற்றி முனைக்கு முனை ஓம் பாருங்கள். ஒன்று 20 கிலோ ஓமைத் தாண்டினால் மொத்த செட்டையும் மாற்றுங்கள். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினின் கேபிள்மேல் பூச்செடிக்குத் தெளிப்பது போல் லேசாகத் தண்ணீர் தூவினால் கசியும் இடத்தில் நீலப்பொறி தெரியும். கையைத் தூரத்தில் வையுங்கள்.

பிளக்கின் இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். என்ஜிகே பிளக்கின் எண் ‘-11’ என்று முடிந்தால் அது 1.1-க்கு அமைத்து வந்தது. எஞ்சினின் தலை (சிலிண்டர் ஹெட்) அலுமினியம். முதலில் கையால் முழுவதும் இறக்குங்கள். பிறகு புதிய பிளக் என்றால் அரைச் சுற்று, பழையதையே திரும்பப் போட்டால் கொஞ்சமே கொஞ்சம். சூடான எஞ்சினில் பிளக் கழற்றினால் தலையின் மரை பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றிய பிளக்கை சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். வெளிர் பழுப்பு நலம். உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல், ஈரக் கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல் வெள்ளையாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்குகிறதோ என்று பாருங்கள்.

பெட்ரோல் சீக்கிரம் தீர்கிறது, கறுப்புப் புகை, காலையில் நல்ல ஓட்டம், சூடானதும் மந்தம். இந்தக் கூட்டணிக்குப் பெரும்பாலும் கூலன்ட் வெப்ப சென்சார் காரணம். குளிர்ந்த எஞ்சினில் சுமார் 2 கிலோ ஓம், நன்றாகச் சூடான பிறகு 300 ஓம் பக்கம் இருக்க வேண்டும். சூட்டிலும் 2 கிலோ ஓமிலேயே நின்றால் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டு முள்ளுக்குப் போகும் சென்சார் வேறு, கம்ப்யூட்டருக்குப் போவது வேறு; கடையில் கேட்கும்போது இரண்டு பின் உள்ளதா, ஒற்றைப் பின் உள்ளதா என்று சொல்லிக் கேளுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் 3,000 சுற்றுக்கு மேல் ஏறவே மறுக்கிறது என்றால் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டி 2,500 சுற்றில் பிடித்து வையுங்கள். முள் நிலையாக நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் புகை வெளியேற வழியில்லை.

ஆட்டோ கியரின் நடுக்கத்தை எஞ்சின் கோளாறு என்று நினைத்து அலைபவர்களும் உண்டு. வீராவின் கியருக்கு மிட்சுபிஷியின் எஸ்பி-2 வகை ஆயில் வேண்டும். கையில் கிடைத்த ஏடிஎஃப்-ஐ (ஆட்டோ கியர் ஆயிலை) ஊற்றினால் 60 கிலோமீட்டர் வேகத்தில் தகரச் சாலையில் ஓடுவது போல் நடுங்கும்.

சூடேறினால்

டேஷ்போர்டின் வெப்ப முள் பாதியைத் தாண்டி ஏறினால் ஏர்கோனை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துங்கள். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டுவதால்தான் தலை வளைகிறது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. குறைந்தது முக்கால் மணி நேரம் ஆற விடுங்கள். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றவும் கூடாது.

நம் பக்கத்தில் ஒரு தவறான வழக்கம் வேரூன்றியிருக்கிறது: “வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை” என்று அதைக் கழற்றி எறிவது. இந்த எஞ்சினின் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்குவது. எஞ்சின் அந்த வெப்பத்தில் ஓடுவதற்காகவே வடிவமைத்தது. கழற்றினால் தேய்மானம் கூடும், பெட்ரோல் கூடும், ஆயிலில் ஈரம் தங்கும். அதைவிட மோசம், அடைத்த ரேடியேட்டரை அது சில மாதம் மறைத்துவைக்கும். தெர்மோஸ்டாட் சந்தேகமாக இருந்தால் கழற்றி, பானைத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். கொதிப்பதற்கு முன்பே நன்றாகத் திறந்துவிட வேண்டும்.

பிறகு பார்க்க வேண்டியவை ரேடியேட்டர் மூடியின் ரப்பர், குழாய்கள், ஏர்கோன் போட்டதும் காற்றாடி சுற்றுகிறதா என்பது. குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே துரு சேறாகும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிடத்திலேயே மேல் குழாய் கல்லாக இறுகினால், ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழி வந்தால், ஆயில் குச்சியில் பால் காப்பி நிறம் தெரிந்தால் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. தலையைக் கழற்றினால் அது வளைந்திருக்கிறதா என்று மெஷின் ஷாப்பில் அளந்து, தேவையென்றால் சீவிய பிறகே மாட்டச் சொல்லுங்கள். வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் அதே வேலை திரும்ப வரும்.

தோட்டத்துக்கே உரிய தொல்லைகள்

செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். அதைப் பிடிக்கக் கூகை வளர்க்கும் அளவுக்கு. நிறுத்திய காரின் சூடான எஞ்சின் எலிக்குப் பிடித்த இடம். இன்ஜெக்டர் வயர், ஆக்ஸிஜன் சென்சார் வயர், வேக்குவம் குழாய் எல்லாவற்றையும் கடிக்கும். திடீரென்று ஒரு காலை எஞ்சின் மூன்று சிலிண்டரில் ஓடினால் சாமான் கடைக்கு முன்னால் டார்ச்சை எடுத்து வயர்களைப் பாருங்கள். காற்று ஃபில்டர் பெட்டிக்குள் காய்ந்த புல்லும் செம்பனைக் கொட்டையும் கிடைப்பதும் உண்டு. காற்று உறிஞ்சும் வாயில் கம்பி வலை கட்டிவிடுங்கள்.

செம்மண் சாலையில் ஓடும் காருக்குக் காற்று ஃபில்டரின் கணக்கு வேறு. புத்தகத்தில் சொன்ன தூரத்துக்குக் காத்திருக்காமல் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி தெரிய வேண்டும். எஞ்சின் ஆயிலையும் அதே தூரத்தில் மாற்றுவது நல்லது. ஃபில்டரோடு சேர்த்து 1.5 எஞ்சினுக்குச் சுமார் மூன்றரை லிட்டர், கடைசி அளவைக் குச்சியைப் பார்த்து ஊற்றுங்கள். ஆயில் அழுத்த விளக்கு ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணையுங்கள்.

வெள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருகவே வேண்டாம். தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும். நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஸ்டார்ட்டரால் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளிய பிறகுதான் மற்றவை. ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று சீட்டு இல்லாத கார் வாங்கினால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள். பிறகு 80,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அது. டென்ஷனர், ஆயில் சீல், வாட்டர் பம்ப் மூன்றையும் அதோடு பார்த்துவிட்டால் கூலி ஒருமுறைதான்.

எஞ்சினே தேய்ந்துவிட்டதா

இதைச் சொல்வது கம்ப்ரஷன் கேஜ். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று கொடுங்கள். 170 பிஎஸ்ஐ-க்கு மேல் என்றால் இன்னும் தெம்பாக இருக்கிறது. 130-ஐ ஒட்டி வந்தால் முதுமை. மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 15 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளங்கள். எண் எகிறினால் பிஸ்டன் ரிங், எகிறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட். வால்வு என்றாலும் கேஸ்கெட் என்றாலும் தலை வேலையோடு முடியும். ரிங் என்றால்தான் எஞ்சின் முழுக்கப் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதற்குப் பதில் ஹாஃப்-கட் எஞ்சின் போட முடிவு செய்தால், கடையிலேயே அதன் கம்ப்ரஷனை அளந்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் எண் குறிப்பிட்ட ரசீதை வாங்குங்கள். எண் மாறுவதால் வாகனச் சோதனை முடித்து ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சோதனைக்கு அனுப்பும் முன் புதிய எஞ்சினின் எண் அச்சிட்ட இடத்தை ஆயில் அழுக்கில்லாமல் துடைத்து, படம் எடுத்து, ரசீதில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.